காப்பர்பேண்ட் 19 நாளில் செத்துப்போனது. நான் செய்தது தப்பா?

வாசகர் கேள்வி:

"டாக்டர், பத்து வருடமாக நன்னீர் மீன் வளர்த்தவன் நான். ஏழு மாதத்துக்கு முன்பு 250 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். இரண்டு கோமாளி மீன், ஒரு சின்ன ப்ளூ டாங், ஒரு க்ளீனர் ராஸ் இருக்கின்றன. பாறையில் ஐப்டேசியா என்ற தொல்லைக் கடற்சாமந்தி பரவிவிட்டது. அதைத் தின்னும் என்று சொல்லி, காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன் ஒன்றைக் கடையில் கொடுத்தார்கள். வந்த நாளிலிருந்து அது எதையும் விழுங்கவில்லை. 19ஆம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. தண்ணீர்ப் பரிசோதனையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அது கடலில் பிடித்த மீன் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும். 'வலையில் பிடித்த நல்ல மீன்தான், கடலில் இருந்திருந்தாலும் பெரிய மீன் தின்றிருக்கும், விடுங்கள், இன்னொன்று தருகிறேன்' என்கிறார் கடைக்காரர். மிச்சமிருப்பவற்றைக் கடலில் விட்டுவிடலாம் என்கிறாள் என் மனைவி. நான் செய்தது தப்பா? தொட்டியை மூடிவிடட்டுமா?"

பதில்:

முதலில் அந்த மீன் எப்படிச் செத்தது என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளுக்கான பதிலும் அதிலிருந்துதான் வரும். அது பட்டினியால் செத்தது. அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை, உப்பும் சரியாக இருந்தது என்றால் தண்ணீரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் போட்டது சாப்பாடு என்று அந்த மீனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காப்பர்பேண்டின் வாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாமணத்தின் நுனி மாதிரி நீண்டிருக்கும். பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் புழுக்களையும் பொடி இறால் வகைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தின்பதற்கு அமைந்த வாய் அது. காலையில் தொடங்கினால் வெளிச்சம் போகும்வரை இதுதான் அதன் வேலை. தொட்டியில் அதற்கு உறைந்த மைசிஸ் என்ற பொடி இறாலைக் கரைத்து ஊற்றுகிறோம். மேலிருந்து விழும் அந்த வெள்ளைத் துண்டு எதுவென்று அதற்குப் புரியாது. அருகில் வரும், ஒரு கண்ணைத் திருப்பிப் பார்க்கும், சில சமயம் வாயில் எடுத்து உடனே துப்பும். நீங்களும் இதைத்தான் பார்த்திருப்பீர்கள். ஒரு வாரம் கழித்துத் தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றத் தொடங்கும். மேலிருந்து பார்த்தால் முதுகு கத்திமுனை போலத் தெரியும், வயிறு உள்ளே ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டம் வந்த பிறகு சாப்பிடத் தொடங்கினாலும் பல மீன்கள் தேறுவதில்லை. வயிறு ஒட்டியதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முதுகைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள். இனி எந்த மீனாக இருந்தாலும் முதுகை முதலில் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அது பல நாள் பட்டினி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையில் கழிவு சேரக்கூடாது என்பதற்காக, அனுப்புவதற்கு முன் ஒன்றிரண்டு நாள் தீனி போட மாட்டார்கள். பிடித்தவரிடமிருந்து சேகரிப்பவர், அவரிடமிருந்து ஏற்றுமதியாளர், அப்புறம் இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடை என்று ஒவ்வொரு கை மாறும்போதும் இதே கதை நடக்கும். கடைக்கு வந்து சேர்வதற்குள் உடம்பில் சேர்த்து வைத்ததில் பெரும்பகுதி கரைந்திருக்கும். அங்கே பளிச்சென்று நீந்திய மீன் உங்கள் தொட்டியில் மூன்றாம் வாரம் செத்ததற்கு உங்கள் 19 நாள் மட்டும் காரணமில்லை.

பொதுக் காட்சியகம் ஒன்றில், வந்திறங்கும் மீன்களைப் பிரித்துத் தனிமைத் தொட்டியில் விடும் வேலையைப் பல ஆண்டு பார்த்தவன் நான். பெட்டிகள் பெரும்பாலும் நள்ளிரவில்தான் வரும். விளக்கைக் குறைத்துவிட்டு ஒவ்வொரு பையாக எடுத்துப் பார்ப்போம். ஒரு மீன், அரைப் பைத் தண்ணீர், மீதி ஆக்சிஜன். மீன் விட்ட கரியமிலவாயு அந்தத் தண்ணீரில் சேர்ந்துகொண்டே போவதால் அதன் பி.எச். இறங்கியிருக்கும். கூடவே அம்மோனியாவும் ஏறியிருக்கும். பி.எச். குறைவாக இருக்கும்வரை அந்த அம்மோனியா அதிகம் கெடுதல் செய்யாத அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறும், பி.எச். மேலே ஏறும், அடங்கிக் கிடந்தது நஞ்சாக மாறும். அதனால் நெடுந்தூரம் வந்த பையைத் திறந்துவைத்துச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் கலப்பது நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் கெடுதல். பையை மூடியபடி மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பைத் தண்ணீரின் உப்பளவுக்குத் தனிமைத் தொட்டியை முன்பே தயாராக வைத்திருந்து, திறந்ததும் மீனை மட்டும் அதில் மாற்றுங்கள். அந்தப் பழைய தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. திறப்பதற்கு முன்பே செத்துக் கிடந்த மீன்களைத் தனியாக ஒரு தட்டில் வைத்து எண்ணுவோம். கடையில் உயிரோடு நீந்துவதை மட்டுமே பார்ப்பவர்கள் அந்தத் தட்டைப் பார்ப்பதே இல்லை.

சரி, கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். கடலில் இருந்திருந்தாலும் பெரிய மீன் தின்றிருக்கும் என்ற வார்த்தையை நானும் பல வருடமாகக் கேட்டுவருகிறேன். பாதி உண்மை அதில் இருக்கிறது. பவளப்பாறை மீன் ஒன்று கடலில் விடும் முட்டைகளில் பெரும்பாலானவை சில நாளிலேயே யாருக்காவது இரையாகிவிடும். நீரோட்டத்தில் பல வாரம் மிதந்து, தப்பிப் பிழைத்து, பாறையில் வந்து ஒதுங்குவது மிகக் கொஞ்சம். அதிலும் தப்பி உள்ளங்கை அளவுக்கு வளர்ந்த மீன், மிக மோசமான கட்டத்தைத் தாண்டி வந்த மீன். அடுத்த தலைமுறையைத் தரப்போவது அதுதான். சாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய மீன் விழுங்கினால் ஒரு நொடியில் முடிந்துவிடும், அந்த உடம்பு இன்னொரு உயிருக்குப் போகும். உங்கள் மீனுக்கு 19 நாள் ஆனது. மன்னியுங்கள், உங்களைக் குத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொண்டு இன்னொரு காப்பர்பேண்டை வாங்கிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

வலையில் பிடித்தது என்று அவர் சொல்வதை என்னால் உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது. சயனைடைக் கரைத்து பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, மீன் ஒளிந்திருக்கும் பவளத்தின் மேல் பீய்ச்சும் பழக்கம் 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கியது. பிறகு இந்தோனேசியாவுக்கும் பரவியது. இரண்டு நாட்டிலும் அது சட்டவிரோதம், ஆனாலும் நின்றபாடில்லை. உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைச் சயனைடு தடுத்துவிடும். மீன் மயங்கி, தள்ளாடி வெளியே வரும், கையாலேயே எடுத்துவிடலாம். தப்பிய மீன் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பிடித்த விதத்தை வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அது ஒளிந்திருந்த பவளம் அங்கேயே வெளுத்துச் சாகும். ஒரு மீனுக்காக ஒரு வீட்டையே அழிப்பது அது.

வலையால் பிடிப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தடுப்பு வலையை விரித்து, சிறு கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடித்து, ஆழத்திலிருந்து மெதுவாக மேலே கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். மெதுவாக ஏறாவிட்டால் மீனின் காற்றுப்பை ஊதிப் புடைத்துவிடும். சில இடங்களில் ஊசியால் குத்திக் காற்றை எடுப்பார்கள், அதையும் கை தேர்ந்தவர் செய்தால்தான் மீன் பிழைக்கும். இப்படி நல்ல விதமாகப் பிடித்துப் பிழைக்கும் கடலோரக் குடும்பங்களுக்கு, உயிரோடு இருக்கும் பாறை என்பது வருமானம். சாப்பாட்டுக்கு விற்கும் மீனைவிட எடைக்கு எடை பல மடங்கு காசு இதில் கிடைக்கும். தன் பாறையில் யாரும் வெடி வைக்காமல் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு அதுவே காரணமாகவும் இருக்கும். அதனால்தான் கடலில் பிடித்த மீனை வாங்குவதே பாவம் என்று என்னால் ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை. எல்லோரும் வாங்குவதை நிறுத்திவிட்டால் கடல் பிழைத்துவிடும் என்று சொல்கிறவர்கள், அந்தக் குடும்பங்கள் அடுத்து எதைப் பிடிக்கும் என்று யோசிப்பதில்லை.

ஹவாயில் மஞ்சள் டாங்குக்கு நடந்ததை உதாரணமாகச் சொல்லலாம். மேற்கு ஹவாய்க் கரையில் குறைந்தது 30 விழுக்காட்டில் தொட்டி மீன் பிடிக்கக்கூடாது என்று 1998இல் சட்டம் போட்டார்கள். மூடிய பகுதிகளில் மஞ்சள் டாங் திரும்பப் பெருகியது. ஆனாலும் சர்ச்சை ஓயவில்லை. சுற்றுச்சூழல் ஆய்வு செய்யாமல் தொட்டி மீன் பிடிக்க அனுமதி கொடுத்ததை மாநில உச்ச நீதிமன்றம் 2017இல் நிறுத்தியது. நன்றாகக் கண்காணித்த ஒரு மீன்பிடிப்பிலேயே இத்தனை வழக்கு என்றால், கண்காணிப்பே இல்லாத கரைகளை நினைத்துப் பாருங்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் உலக இயற்கைப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003இல் போட்ட கணக்குப்படி, ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி கடல் மீன்கள் தொட்டிக்காக விற்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றில் பெரும்பாலானவை எங்கே, எப்படிப் பிடிக்கப்பட்டன என்ற தகவல் கடைவரை வந்து சேர்வதே இல்லை.

நீங்கள் பத்து வருடம் வளர்த்த நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. அந்தப் பழக்கத்தில் இதையும் அப்படியே நினைத்திருப்பீர்கள், அதில் உங்கள் மேல் தப்பில்லை. கடல் மீனைப் பண்ணையில் பிறக்க வைப்பது ஏன் இவ்வளவு பாடு என்றால், குஞ்சின் அளவுதான் காரணம். டாங், பட்டாம்பூச்சி மீன் போன்றவை முட்டையைத் தண்ணீரில் தூவிவிட்டுப் போய்விடும். பொரிந்து வருவது கண்ணாடி நூல் துணுக்கு மாதிரி இருக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் கண் வளர்ந்து, வாய் திறந்து, மஞ்சள் கரு தீரும். அந்த நேரத்தில் அதன் வாய்க்குள் போகிற அளவில், உயிரோடு, அசைகிற இரை தண்ணீர் முழுக்க இருந்தாக வேண்டும். கோப்பிபாட் என்ற மிகப் பொடியான இறால் இன உயிரியின் குஞ்சுகள்தான் அதற்குச் சரிப்படுகின்றன. அவற்றை நாள் தவறாமல் வளர்ப்பதே தனி வேலை. மஞ்சள் டாங்கைப் பிறப்பிலிருந்து வளர்த்துக் காட்டியது ஹவாயின் ஓஷியானிக் இன்ஸ்டிடியூட், 2015இல். உங்கள் ப்ளூ டாங்கை ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மீன் வளர்ப்பு ஆய்வகம் 2016இல்தான் வளர்த்தெடுத்தது. கோமாளி மீன் வேறு ரகம். கடற்சாமந்திக்குப் பக்கத்துப் பாறையில் முட்டையை ஒட்டி வைக்கும், தகப்பன் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும், ஒரு வாரம் பத்து நாளில் ஒரு ராத்திரியில் பொரியும். வெளியே வரும்போதே ஓரளவு வளர்ந்த குஞ்சு, ரோட்டிஃபர் என்ற நுண்ணிய உயிரியைத் தின்னும். அதனால்தான் பல பத்தாண்டுகளாகப் பண்ணைக் கோமாளிகள் கிடைக்கின்றன. உங்களிடம் இருப்பவையும் அநேகமாகப் பண்ணை மீன்கள்தான். வெள்ளைப் பட்டை எங்காவது உடைந்தோ கோணலாகவோ இருந்தால் பெரும்பாலும் அதற்கான அடையாளம் அது.

இதெல்லாம் பார்த்துவிட்டு நான் வந்து சேர்ந்த முடிவு ஒன்றுதான். பண்ணையா கடலா என்று கேட்பதற்கு முன்னால், இந்த இனத்தின் வாழ்க்கை ஒரு தொட்டிக்குள் அடங்குமா என்று கேட்க வேண்டும். அடங்காத மீனை எவ்வளவு நல்ல வலையில் பிடித்தாலும் அது கொலைதான். அடங்கும் மீனாக இருந்து, பண்ணையிலும் கிடைக்குமென்றால், கடலில் பிடித்ததை வாங்க ஒரு நியாயமும் இல்லை.

முதல் வகைக்கு என் கையாலேயே செத்த சாட்சி உண்டு. இரண்டு மூரிஷ் ஐடல்கள். கடற்பஞ்சையும் பாறையில் ஒட்டிய பலவற்றையும் கொறித்து வாழும் மீன் அது. எங்களிடம் அவை நன்றாகச் சாப்பிட்டன. மைசிஸ், கடற்பாசித் தாள், மட்டிச் சதை என்று போட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டன. ஐந்து மாதம் கழித்து நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அப்புறம் சாப்பிட்டுக்கொண்டே மெலியத் தொடங்கின. எட்டாவது மாதத்துக்குள் இரண்டும் போய்விட்டன. என்ன குறைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பிறகு அந்த இனத்தை என் பிரிவுக்குள் விடச் சம்மதித்ததில்லை. பவளப் பூச்சிகளை மட்டுமே தின்னும் பட்டாம்பூச்சி மீன்களும், அக்ரோபோரா பவளத்தையே நம்பி இருக்கும் ஆரஞ்சுப் புள்ளி ஃபைல்ஃபிஷும் இதே பட்டியல்தான். மாண்டரின் மீனும் ஏறக்குறைய இந்தப் பட்டியலில் சேரும். நாள் முழுக்கக் கோப்பிபாட்டைப் பொறுக்கித் தின்கிற மீன் அது, சின்னத் தொட்டியில் சில வாரத்தில் அத்தனையையும் தின்று தீர்த்துவிடும். பண்ணையில் பிறந்து, செத்த இரையைத் தின்னப் பழகிய மாண்டரின் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

இரண்டாவது வகைக்கு பங்காய் கார்டினலின் கதை. இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளைச் சுற்றி மட்டுமே இயற்கையாக வாழும் மீன். கடல் முள்ளெலியின் முட்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். தகப்பன் முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாக்கும், பொரிந்த குஞ்சுகளையும் சில நாள் வாயிலேயே வைத்திருக்கும், அந்த நாளெல்லாம் தான் எதுவும் தின்னாது. குஞ்சுகள் நீரோட்டத்தில் போவதில்லை, பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். அதனால் ஒரு திட்டில் இருப்பவற்றை அள்ளிவிட்டால் பக்கத்துத் திட்டிலிருந்து வந்து நிரப்ப யாரும் இல்லை. 1990களில் வியாபாரத்துக்கு வந்த மீன், 2007இல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். பட்டியலில் ஏறிவிட்டது. இத்தனைக்கும் தொட்டியில் சுலபமாகக் குஞ்சு பொரிக்கும் கடல் மீன்களில் இதுவும் ஒன்று. இதைக் கடலில் பிடிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது.

இனி உங்களிடம் இருக்கும் நாலு மீன்களுக்கு வருவோம். தொட்டியை மூடாதீர்கள். மூடினால் அவை திரும்பக் கடைக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு பை, இன்னொரு பட்டினி. கடலில் விடவும் கூடாது. உங்கள் மனைவியின் மனது எனக்குப் புரிகிறது, ஆனால் பிடித்த கடல் எது என்றே நமக்குத் தெரியாது. கடைத் தொட்டிகளில் பல கடல்களின் மீனும் நோயும் கலந்துதான் இருக்கும். பசிபிக்கையும் இந்தியப் பெருங்கடலையும் சேர்ந்த சிங்க மீன் 1985இல் ஃப்ளோரிடா கரையில் முதலில் தென்பட்டது. தொட்டியிலிருந்து விடப்பட்டவை என்பதுதான் பொதுவான முடிவு. இன்று கரீபியன் முழுக்கப் பரவி, அங்கத்திய சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது.

கோமாளிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடம்கூட இருக்கும்.

க்ளீனர் ராஸை நீங்கள் வாங்கியிருக்கக்கூடாது. இதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பாறையில் ஒரு க்ளீனர் ராஸ் நாளைக்குச் சராசரியாக 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. மற்ற மீன்கள் அதன் இடத்துக்கு வரிசையாக வந்து, வாயைத் திறந்து நின்று சுத்தம் செய்துகொண்டு போகும். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சில பாறைத் திட்டுகளிலிருந்து இவற்றை எட்டு வருடத்துக்கு மேல் அகற்றி வைத்துப் பார்த்தார்கள். அங்கே மீன்கள் எண்ணிக்கையிலும் குறைந்தன, வளர்ச்சியிலும் குறைந்தன. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று இந்த மீன் புரிந்துகொள்வதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019இல் எழுதினார்கள். தொண்டையில் அடையாளம் இட்டுக் கண்ணாடி காட்டினால், பார்த்துவிட்டுத் தொண்டையை மணலில் தேய்க்கிறது. அப்படிப்பட்ட மீன் உங்கள் தொட்டியில் மூன்று மீனோடு, வேலையே இல்லாமல் இருக்கிறது. ஆனால் இத்தனை மாதம் உயிரோடு இருக்கிறதென்றால் சாப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டது. அதை வீணாக்காதீர்கள். மைசிஸைப் பொடியாக நறுக்கி, மீன் முட்டையும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு நாலைந்து முறை கொடுங்கள். தொட்டிக்கு வலை மூடி போடுங்கள், ராஸ் வகை துள்ளி வெளியே விழும். அப்புறம், வெண்புள்ளி நோயை இது குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் புதைந்திருக்கும், ராஸால் எடுக்க முடியாது.

வெண்புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் டாங்குக்கு அது வந்தே தீரும் என்கிற அளவுக்கு வரும். மீனின் மேல் சில நாள் இருந்துவிட்டு உதிர்ந்து, பாறையிலும் மணலிலும் கூடு கட்டிக்கொள்ளும். புள்ளி மறைந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பீர்கள், கூடு வெடித்து நூற்றுக்கணக்கில் திரும்பி வரும். சில கூடுகள் இரண்டு மாதத்துக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். செம்பு கலந்த மருந்துக்கு அது கட்டுப்படும், ஆனால் பாறையும் பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் அதை ஒரு சொட்டுகூட விடக்கூடாது. மருந்து கொடுப்பது தனித் தொட்டியில், செம்பின் அளவை அளந்து பார்த்துத்தான். ஆகவே இனி எந்த மீன் வந்தாலும் குறைந்தது ஒரு மாதம் தனிமைத் தொட்டியில் இருக்கட்டும். அதற்கு இடமில்லை என்றால் புது மீனுக்கும் இடமில்லை.

டாங்குக்குத் தினமும் கடற்பாசித் தாள் ஒரு துண்டைக் கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியில் ஒட்டி வையுங்கள், மைசிஸும் கொடுங்கள். சில நேரம் பாறை இடுக்கில் பக்கவாட்டில் படுத்துச் செத்த மாதிரி கிடக்கும். பயந்து கையை விட்டுவிடாதீர்கள், அதன் வழக்கம் அது. வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி போன்ற முள் உண்டு, வலையில் சிக்கிக்கொள்ளும். பிடிக்க வேண்டி வந்தால் பிளாஸ்டிக் டப்பாவில் வளைத்துப் பிடியுங்கள்.

ஐப்டேசியாவுக்கு பெர்கியா என்ற ஓடில்லாத கடல் நத்தை இருக்கிறது. ஐப்டேசியாவை மட்டுமே தின்னும், பண்ணையில் பிறந்ததே கிடைக்கும். உங்கள் தொட்டியில் தீர்ந்த பிறகு அதற்கு வேறு சாப்பாடு கிடையாது. அதனால் இதே தொல்லை இருக்கும் இன்னொருவரைத் தேடி வைத்துக்கொண்டு, முடிந்ததும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைக்காரர் தருவதாகச் சொன்ன இன்னொரு காப்பர்பேண்டை வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். என்றாவது வேறு மீன் வாங்கினால், பண்ணையில் பிறந்ததா என்று முதலில் கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள், விழுங்குகிறதா துப்புகிறதா என்று நின்று பாருங்கள். பிடித்திருந்தால் முன்பணம் கொடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். இப்போதைக்கு அந்தத் தொட்டியில் புதிதாக எதையும் விட வேண்டாம்.

நான் செய்தது தப்பா என்று நேராகக் கேட்டீர்கள். விசாரிக்காமல் வாங்கியது தப்புதான். ஆனால் 19 நாளும் தினமும் தீனி போட்டு, தண்ணீரைச் சோதித்து, செத்த பிறகு இன்னொன்றை வாங்காமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் அந்த டாங்கை உங்களிடமே விட்டுவைக்கச் சொல்கிறேன், கொஞ்ச காலத்துக்கு. அது 30 செ.மீ. வரை வளரும், இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். உங்கள் 250 லிட்டர் அதற்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் தாங்காது. குறைந்தது இரண்டு மீட்டர் நீளத் தொட்டி வைத்திருக்கும் ஒருவரையோ, மீனை ஏற்றுக்கொள்ளும் பொதுக் காட்சியகத்தையோ இன்றிலிருந்தே தேடத் தொடங்குங்கள். கண்ணாடிக்கு வெளியே ஓர் அளவுகோலை ஒட்டி வைத்து, மாதம் ஒருமுறை அதன் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 12 செ.மீ. தாண்டியதும் எனக்கு எழுதுங்கள். அதை எப்படிப் பைக்குள் மாற்றி எடுத்துப் போவது என்று அப்போது விளக்கமாகச் சொல்கிறேன்.